கடல் கடந்த கவிதை – 6: பட்டவன் நல்லவனா?

மில்டன் 'கோமஸ்' நாடகத்தை எழுதியது 1634இல். காட்டில் வழிதவறி மாயக்காரனிடம் அகப்பட்ட பெண்ணை அவளுடைய அறமே காக்கும் என்று அதில் அடித்துச் சொல்கிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. பெரிதாக எதுவும் பட்டிராத வயதில் அப்படிச் சொல்வது சுலபம்.

பட்டது 1660இல். மன்னனைக் கொன்றது நியாயம் என்று எழுதியவர் அவர். மன்னராட்சி திரும்பியதும் நூல்களைப் பகிரங்கமாகக் கொளுத்தினார்கள், ஆளையும் பிடித்து அடைத்தார்கள். கண் பார்வை எட்டு வருடங்களுக்கு முன்பே போயிருந்தது.

அதே 1660இல், மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் ஆங்கிலக் கப்பல் ஒன்றின் ஆட்களை இரண்டாம் இராஜசிங்கனின் வீரர்கள் பிடித்தார்கள். அவர்களுள் கப்பல் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸுக்கு வயது பத்தொன்பது. அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்தார், மகனே புதைத்தான். பிறகு பத்தொன்பது வருடங்கள் கண்டி இராச்சியத்தில். தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், பேராதனைக்கு அப்பால் எலதெத்தவில் காணி வாங்கினான். ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில பைபிள் ஒன்றையும் பெற்றுக்கொண்டான். 1679இல் காடு வழியாக நடந்து அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் அவனுடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது.

துன்பம் மனிதனைப் புடம்போடும் என்ற பேச்சு எங்கள் அம்பிட்டியவில் கொஞ்சம் அதிகம். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொடங்கிய குருமடம் 1955வரை இங்கே இருந்ததாலோ என்னவோ! அந்தப் பேச்சுக்கு நொக்ஸைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றுதான் தோன்றும், அவனுடைய பிற்காலத்தைப் படிக்கும்வரை. ஊர் திரும்பியவன் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவனானான். மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கி செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுபோனான். ஏறக்குறைய இருபது வருடம் அந்நிய மண்ணில் பிடிபட்டுக் கிடந்தவன்!

வள்ளுவர் இந்த விஷயத்தில் உஷார். 'இடுக்கண் அழியாமை' அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசனுக்கும் அமைச்சனுக்கும் வேண்டிய திறமைகளுக்கு நடுவில் இருக்கிறது. தாங்கும் திராணி வேறு, அறம் வேறு. நொக்ஸிடம் முதலாவது நிறைய இருந்தது.

பட்ட பிறகு மில்டனுக்கும் இது புரிந்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். 1667இல் வந்த 'பரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் முதல் காண்டத்தில், நெருப்பு ஏரியில் தள்ளப்பட்டும் தளராமல் எழுந்து படை திரட்டுபவன் யார்? சாத்தான். கலங்காத நெஞ்சை அவனுக்கல்லவா கொடுத்துவிட்டார்! தமிழுக்கு வெ. ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' என்று கொண்டுவந்ததும் இந்த முதல் காண்டத்தைத்தான். அதோடு நிறுத்திக்கொள்பவருக்குச் சாத்தானே கதாநாயகனாகத் தெரிவான். பிளேக் போன்ற பெரிய கவிஞரே மில்டன் தன்னையறியாமல் பிசாசின் கட்சி என்றார். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஐந்தாம் காண்டம்வரை வாசித்தால் அப்தியேல் என்ற தேவதூதன் வருகிறான். கலகக் கூட்டத்தின் நடுவில் தனியொருவனாக எழுந்து, இது தவறு என்று சாத்தானின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, எல்லாரும் ஏளனம் செய்ய நடந்து வெளியேறுகிறான். மில்டனின் அறம் அங்கேதான் இருக்கிறது. அவனை அடுத்த இதழில் பார்ப்போம்.