குளிர்பெட்டிக்கு ஒரு புதிய காவல்காரன்

காந்தி மார்க்கெட்டிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் பால், தயிர், ஐஸ்கிரீம் விற்கும் நம் வணிகர்களுக்குக் கோடை ஒரு சோதனைக் காலம். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் சரக்கு கெட்டால் நஷ்டம் நமக்கே.

பழைய குளிர்பெட்டிகளின் தெர்மோஸ்டாட் திருகில் உள்ள எண்கள் டிகிரி அல்ல. உள்ளே எவ்வளவு குளிர் என்பதை அவை சொல்லா. பனி உருக்கும் ஹீட்டருக்கான டைமரோ, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் நேரத்துக்கு ஹீட்டரைப் போட்டுவிடும்.

இவ்விரு வேலையையும் இன்று ஒரே டிஜிட்டல் கன்ட்ரோலர் செய்கிறது. வெப்பநிலை முகப்பிலேயே தெரியும். மின்சாரம் போய் வந்தால், கம்ப்ரெசரைச் சில நிமிடம் பொறுத்தே ஓட்டும். வைஃபை உள்ள வகை, குளிர் குறைந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். கன்ட்ரோலருக்கும் வைஃபை பெட்டிக்கும் இன்வர்ட்டர் இணைப்பு இல்லாவிட்டால், மின்வெட்டில் செய்தி வராது.

உணவுப் பாதுகாப்பு விதிகள்படி குளிரூட்டிய பொருள் 5 டிகிரிக்குள், உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியில் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

செலவு செய்யுமுன் கதவு ரப்பரையும் கண்டன்சர் தூசியையும் கவனியுங்கள். தண்ணீர் டம்ளரில் தெர்மாமீட்டரை இட்டு, இரவு முழுவதும் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். குறை அங்கேயே தீர்ந்துவிட்டால் பணம் மிச்சம். தீராவிட்டால், கம்ப்ரெசர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தை கன்ட்ரோலர் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டே வாங்குங்கள். வாரண்டி உள்ள பெட்டியில் கைவைக்க வேண்டாம்.

வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரைத் தேர்க் கூட்டத்தில் மெக்கானிக் கிடைப்பது அரிது!