கேப் டவுன் ஒரு நாள் டூர்: ஆப்பிரிக்க கடற்கரையில் பென்குயின்... இன்னும் எத்தனை நாளைக்கு?

ஆப்பிரிக்கான்னு சொன்னதும் சிங்கம், யானை, சஃபாரி ஜீப்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் தவறாமல் புக் செய்யும் டூர் ஒன்று இருக்கிறது. காலையில் வழிகாட்டியோடு வேனில் ஏறினால், கடலை ஒட்டியே போய் கடல்நாய், நெருப்புக்கோழி, பபூன் குரங்கு, பென்குயின் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். இதன் பெயர் 'கேப் பெனின்சுலா டூர்'.

இந்த டூரின் ஹீரோ பென்குயின்தான். அந்த ஆப்பிரிக்கப் பென்குயினை 2024 அக்டோபரில் 'மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம்' என்ற பட்டியலுக்கு மாற்றியது சர்வதேச அமைப்பான ஐ.யூ.சி.என். இதற்கு அடுத்த படி, 'இயற்கையில் அற்றுப்போன இனம்'. உலகின் பென்குயின் இனங்களில் இந்தப் பட்டியலுக்குள் வந்த முதல் இனம் இதுதான்.

கரையில் போய் நின்றால் கூட்டம் கூட்டமாகத் தெரிகிறதே, அப்புறம் எப்படி அழிகிறது?

வழியில் என்னென்ன இருக்கு?

கேப் டவுனில் இருந்து தெற்கே நீளும் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் அட்லான்டிக் கடல், கிழக்குப் பக்கம் ஃபால்ஸ் பே வளைகுடா. பெரும்பாலான டூர்கள் மேற்குக் கரையில் இறங்கி, கிழக்குக் கரை வழியாகத் திரும்பும்.

முதல் நிறுத்தம் பெரும்பாலும் ஹவுட் பே துறைமுகம். இங்கிருந்து படகில் போனால் டைக்கர் தீவு. தீவுன்னு சொல்றதைவிட பாறைன்னு சொல்லலாம். அதன்மேல் கேப் ஃபர் சீல் எனப்படும் கடல்நாய்கள் நெருக்கியடித்துப் படுத்திருக்கும். துறைமுகத்துக்குள்ளேயே சில கடல்நாய்கள் மீனுக்காக நீந்தி வரும். கிட்டே போய் செல்ஃபி எடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்வது நல்லது. தென்னாப்பிரிக்க கடல்நாய்களிடம் ரேபிஸ் நோய் இருப்பது 2024-ல் உறுதி செய்யப்பட்டது.

அடுத்து சாப்மன்ஸ் பீக் சாலை. 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள். ஒரு பக்கம் செங்குத்து மலை, இன்னொரு பக்கம் கீழே கடல். 1922-ல் திறக்கப்பட்ட இந்தச் சாலையில் இப்போது சுங்கக் கட்டணம் உண்டு. கல் உருளும் அபாயம் இருந்தால் சாலையையே மூடிவிடுவார்கள், அன்றைக்கு வேன் சுற்றுப்பாதையில் போகும்.

அங்கிருந்து நன்னம்பிக்கை முனை. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் படித்த அதே இடம். 1488-ல் பார்த்தலோமியோ டயஸ் கடந்ததும், அதற்குப் பிறகு வாஸ்கோ ட காமா கோழிக்கோடு நோக்கிச் சுற்றி வந்ததும் இந்த முனையைத்தான். ஆனால் ஆப்பிரிக்காவின் தென்கோடி இது இல்லை! அது இன்னும் தென்கிழக்கே தள்ளி இருக்கும் அகுல்ஹாஸ் முனை.

பக்கத்தில் கேப் பாயின்ட் குன்றின் உச்சியில் 1860-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. உயரமாகக் கட்டியதே பிரச்னையாகிவிட்டது. மேகம் மறைத்தால் விளக்கு தெரியாது. 1911-ல் லூசிடானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் பாறையில் மோதிய பிறகு, தாழ்வான இடத்தில் புதிய விளக்கம் கட்டப்பட்டது. இந்தப் பகுதியில்தான் நெருப்புக்கோழியும் பபூன்களும் கண்ணில் படும். பபூன்களுக்கு கார் கதவைத் திறக்கவே தெரியும். கையில் சாப்பாட்டோடு இறங்கினால் பறிகொடுக்க வேண்டியதுதான்.

கடைசியாக சைமன்ஸ் டவுனில் உள்ள போல்டர்ஸ் பீச்.

வெயில் ஊரில் பென்குயின் எப்படி?

காரணம் பெங்குவேலா நீரோட்டம். தெற்கில் இருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக குளிர்ந்த நீரைக் கொண்டுவரும் இந்த நீரோட்டத்தில் சத்து அதிகம், அதனால் மீனும் அதிகம். மீன் இருக்கும் இடத்தில் பென்குயினும் தங்கிவிட்டது. கண்ணுக்கு மேலே இறகில்லாத இளஞ்சிவப்புத் திட்டு தெரிகிறதே, அது அழகுக்கு இல்லை. உடல் சூட்டை வெளியேற்றும் இடம் அது. இதன் குரல் கழுதை கத்துவது போலவே இருக்கும், நேரில் கேட்டால் நம்ப முடியாது.

போல்டர்ஸ் கரைக்கு 1980-களின் தொடக்கத்தில் இரண்டே ஜோடிகள்தான் வந்தன. அது சில ஆயிரம் பறவைகளாகப் பெருகியது. இங்கே குழப்பம் தொடங்குகிறது. இந்தக் கரையில் கூடியதைப் பார்த்துவிட்டு, இனமே செழிப்பாக இருப்பதாகப் பயணிகள் நினைத்துவிடுகிறார்கள். மொத்தக் கணக்கோ தலைகீழ். 1950-களில் சுமார் 1.5 லட்சம் ஜோடிகள் இருந்தன. இப்போது 10,000 ஜோடிகளுக்கும் குறைவு. இதே வேகத்தில் சரிந்தால் 2035-க்குள் இயற்கையில் இவை இல்லாமலே போகலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

என்ன நடந்தது?

பழைய காரணங்கள் இரண்டு. ஒன்று, முட்டை. ஒரு காலத்தில் தீவுகளில் இருந்து பென்குயின் முட்டைகளை லட்சக்கணக்கில் அள்ளி விற்றார்கள். இன்னொன்று, எச்சம். பறவை எச்சம் காலங்காலமாகப் படிந்து கெட்டியான 'குவானோ'வில்தான் பென்குயின்கள் குழி தோண்டிக் கூடு கட்டின. அதை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நிழல் போச்சு, முட்டையும் குஞ்சும் வெயிலில் வெட்டவெளிக்கு வந்தன. இன்றைக்குப் பல இடங்களில் செயற்கைக் கூடுகள் வைப்பது இதனால்தான்.

நடுவில் ஒரு பேரிடரும் வந்தது. 2000 ஜூனில் 'ட்ரெஷர்' என்ற சரக்குக் கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டியது. சுமார் 19,000 பென்குயின்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவிக் காப்பாற்றினார்கள். எண்ணெய் படாத ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான பறவைகளை லாரியில் ஏற்றி, கிழக்கே போர்ட் எலிசபெத் அருகே கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீட்டுக்குத் திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது திட்டம். பலித்தது!

இன்றைய பெரிய பிரச்னை, பசி. பென்குயினுக்கு வேண்டியது மத்தி, நெத்திலி வகை மீன்கள். கடலின் வெப்பமும் உப்பும் மாறியதில் இந்த மீன் கூட்டங்கள் மேற்குக் கரையில் குறைந்து கிழக்கே நகர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பதற்கு சுருக்குமடி வலையோடு பெரிய படகுகளும் போட்டி போடுகின்றன. மத்தி டின்னுக்குப் போகிறது, நெத்திலி மீன்தூளாகிறது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பென்குயின் வருடத்துக்கு ஒருமுறை மொத்த இறகையும் ஒரே சமயத்தில் உதிர்க்கும். அந்த சுமார் மூன்று வாரமும் உடம்பில் நீர் புகாத சட்டை இருக்காது, கடலில் இறங்க முடியாது, சாப்பாடும் கிடையாது. அதற்கு முன்பே வயிறு முட்டத் தின்று கொழுப்பு சேர்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மீன் கிடைக்கலைன்னா, கரையில் நின்றபடியே பட்டினியில் சாகும்.

கோர்ட் வரை போன சண்டை

காலனிகளைச் சுற்றி மீன்பிடிக்குத் தடை வேண்டும் என்பது பறவை ஆர்வலர்கள் கோரிக்கை. மீன்பிடிப்பால் வரும் பாதிப்பு சிறியது, தடையால் வேலை போகும் என்பது மீன்பிடித் துறையின் வாதம். 2023-ல் அரசு இடைக்காலத் தடைப் பகுதிகளை அறிவித்தது. ஆனால் பென்குயின் இரை தேடும் இடங்களை அவை சரியாக உள்ளடக்கவில்லை என்று பேர்ட்லைஃப் சவுத் ஆப்ரிக்கா, சான்காப் ஆகிய அமைப்புகள் வழக்குப் போட்டன. கடைசியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வர, 2025 மார்ச்சில் அது நீதிமன்ற உத்தரவானது. அதன்படி ராபன் தீவு உட்பட ஆறு காலனிகளைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கும் பெரிய படகுகளுக்குத் தடை. நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்டிருந்த அதே ராபன் தீவுதான். தடை மீனைப் பெருக்காது, இருக்கும் மீனை பென்குயினுக்கு விட்டுவைக்கும், அவ்வளவுதான். கடல் சூடாவதை எந்த கோர்ட்டும் நிறுத்த முடியாது.

டூர் போறவங்க கவனிக்க வேண்டியது

போல்டர்ஸ் பகுதி தேசியப் பூங்காவுக்குள் வருவதால் நுழைவுக் கட்டணம் உண்டு. ஃபாக்ஸி பீச் பக்கம் மரப் பலகை நடைபாதையில் நின்று பார்க்கலாம். தொடவோ தீனி போடவோ கூடாது. பார்க்க பொம்மை மாதிரி இருந்தாலும் அலகு கத்தி மாதிரி. சாலையோரம் நிறுத்திய காரின் அடியில் நிழலுக்காக ஒதுங்கும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு, அதனால் வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து ஒரு பார்வை பார்ப்பது அவசியம்.

ஜூன் முதல் நவம்பர் வரை போனால் ஃபால்ஸ் பேயில் திமிங்கலங்களையும் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆண்டுக் கடைசியில் போனால், இறகெல்லாம் கொட்டி, பஞ்சு பிய்ந்த தலையணை மாதிரி அசையாமல் நிற்கும் பென்குயின்கள் கண்ணில் படும். நோய் வந்துவிட்டதோ என்று பதறி அதைத் தண்ணீர் பக்கம் விரட்டக் கூடாது. அது இறகு முளைக்கக் காத்திருக்கிறது.