புள்ளிகள் கொண்டு ஆப்பிரிக்கா செல்லலாமா?

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "என்ன ஐயா, காசில்லாமலே ஆப்பிரிக்கக் காட்டைப் பார்த்து வந்துவிட்டீராமே! அந்த மந்திரத்தை எங்களுக்கும் சொல்லக்கூடாதா?" என்றார். மந்திரம் ஒன்றும் இல்லை. பள்ளியில் படித்த கூட்டலும் பெருக்கலுந்தான். காசில்லாமல் சென்றேன் என்பதும் உண்மையன்று. எதைப் புள்ளியால் பெறலாம், எதைக் காசால்தான் பெற வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பின்னால் வருந்த வேண்டியதில்லை. அதற்காகவே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. தில்லியில் நாம் நாள்தோறும் கேட்கும் 'சஃபர்' அதன் உடன்பிறப்பே. சொல் நமக்கு அண்மையில் இருக்கிறது. காடுதான் தொலைவில் இருக்கிறது.

அந்தக் காட்டின்மீது ஆசை கொண்டவர் என் தந்தையார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைந்து, நிலநடுக்கோட்டை இழுத்து, சவன்னாப் புல்வெளிக்கு மஞ்சள் சுண்ணக்கட்டியால் வண்ணம் தீட்டுவார். ஆனால் சென்னையைத் தாண்டி அவர் வந்ததெல்லாம் என்னைப் பார்க்கத் தில்லிக்கு வந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், "அந்தப் புல்லை ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும்" என்றார். அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றே.

இனிப் புள்ளிகளின் கதைக்கு வருவோம். 1981 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், தன் விமானங்களில் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கில் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. பின்னர் வங்கிகளும் சேர்ந்துகொண்டன. இன்று கடன் அட்டையால் அரிசி வாங்கினாலும் புள்ளி விழுகிறது. இந்தப் புள்ளிகளுக்கு யார் பணம் தருகிறார்கள்? ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடமிருந்து வங்கி ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. தவணை தவறியவர்கள் வட்டி கட்டுகிறார்கள். அவற்றிலிருந்து ஒரு துளியே நமக்குப் புள்ளியாகத் திரும்பி வருகிறது. ஆகவே இது தானமன்று. யாரோ கொடுத்த பணந்தான்.

எங்கள் வீட்டில் புள்ளி சேர்த்தவர் என் அக்கா. பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் பணி. மாதத்தில் பாதி நாள் வெளியூர். அலுவலகச் செலவைத் தம் அட்டையில் செய்து, நிறுவனத்திடம் திரும்பப் பெறுவார். நான்கு ஆண்டுகளில் பறந்ததும் செலவழித்ததும் சேர்ந்து 84,000 மைல்கள் ஆயின.

அவை ஏர் இந்தியாவின் கணக்கில் இருந்தன. ஏர் இந்தியா 2014 இல் 'ஸ்டார் அலையன்ஸ்' என்னும் கூட்டணியில் சேர்ந்தது. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் அதில் 2011 முதல் உறுப்பினர். எனவே இங்கே சேர்த்த மைலைக் கொண்டு அங்கே இருக்கை பெறலாம். தில்லியிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து நைரோபி என்று வழி அமைந்தது. கென்யா ஏர்வேஸோ 'ஸ்கைடீம்' என்னும் வேறு கூட்டணியைச் சேர்ந்தது; அதன் கதவை எங்கள் மைல்கள் திறக்கவில்லை. ஆதலால் புள்ளி சேர்க்கத் தொடங்குமுன் கூட்டணியைப் பாருங்கள். வங்கிப் புள்ளியை விமானக் கணக்குக்கு மாற்றிவிட்டால் திரும்பப் பெற இயலாது. இருக்கை உண்டா என்று பார்த்த பின்னரே மாற்ற வேண்டும். மைலுக்கென ஒதுக்கும் இருக்கைகள் மிகச் சிலவே. நாங்கள் ஏழு மாதம் முன்பே தேடினோம்.

ஒருவருக்குப் போக வர 42,000 மைல்கள், இருவருக்கு 84,000. அதுபோக, வரியும் கட்டணமுமாக 22,000 ரூபாயைக் காசாகக் கட்டினோம். காசு கொடுத்து வாங்கியிருந்தால் இரு சீட்டும் 90,000 ரூபாய். மிச்சம் 68,000. அதை 84,000 ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு ஏறக்குறைய 81 காசு. இந்த வகுத்தலை யாரும் செய்யாமல் விடக்கூடாது. பரிசுச் சீட்டு, மின்விசிறி, பெட்டி என்று மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதில் பாதிகூடத் தேறாது.

நைரோபியில் இறங்கியதும் புள்ளியின் ஆட்சி முடிந்தது. மசாய் மாரா தென்மேற்கே ஐந்தாறு மணி நேரச் சாலைப் பயணம். வண்டி, ஓட்டுநர், கூடாரம், உணவு யாவும் காசுதான். புள்ளியை ஏற்கும் விடுதியே இல்லையா என்றால், உண்டு. மேரியட் குழுமம் 2023 இல் மாராவில் ஒரு விடுதி திறந்தது. ஆனால் ஓர் இரவுக்கு ஒரு லட்சம் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ரூபாய்க்கு 2 புள்ளி தரும் அட்டையால் அதைச் சேர்க்க 75 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும்! ஆராய்ச்சி மாணவனுக்கு அது எத்தனை பிறவிக் கணக்கு?

காப்பகத்தின் நுழைவுக் கட்டணத்தை எந்தப் புள்ளியாலும் கட்ட இயலாது. 2024 முதல் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மாட்டு முகமும் குதிரை வாலும் உடைய வில்டபீஸ்ட் மான்கள் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து மாரா ஆற்றைக் கடப்பது ஜூலைக்குப் பிறகே. கூட்டம் வந்தால் கட்டணமும் இரட்டிப்பாகிறது. மூன்று நாளுக்கு இருவருக்கும் ஜூனில் 600 டாலர், ஜூலையில் 1,200. தந்தையாரிடம் கேட்டேன். "நான் புல்லைத்தானே கேட்டேன்? மான் வந்தால் வரட்டும்" என்றார். ஜூனில் சென்றோம்.

இன்னொன்று. கென்யாவிலிருந்து நம் நாட்டுக்குத் திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அது செல்லும். இல்லையேல் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே அந்த ஊசி கிடைக்கும். அறுபது வயது கடந்தவர்கள் மருத்துவரைக் கண்டு பேசிய பிறகே போட்டுக்கொள்வது நலம். தந்தையாருக்கு அப்படியே செய்தோம்.

இப்போது என் மடமையையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மைல்களைக் கண்டு நானும் ஓர் அட்டை வாங்கினேன். 100 ரூபாய்க்கு 2 புள்ளி என்றார்கள். 30,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கினேன். 600 புள்ளி விழுந்தது. என் கணக்கில் அதன் மதிப்பு 486 ரூபாய். அந்த நேரம் பார்த்து உதவித்தொகை இரண்டு மாதம் தாமதமாயிற்று. நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி: 1,050 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு வரி: 189. ஆக மாதம் 1,239 ரூபாய்! 486 ரூபாய்ப் புள்ளிக்கு இரண்டு மாதத்தில் 2,478 ரூபாய் தண்டம் அழுதேன். உதவித்தொகையை நம்பி வாழும் நம்மைப் போன்றவர்கள் இதை மறக்கக்கூடாது. மாதந்தோறும் முழுத் தொகையும் கட்ட இயலாதவருக்குப் புள்ளி ஒரு தூண்டில். அயல்நாட்டில் அந்த அட்டையைத் தேய்த்தால் 3.5 விழுக்காடு மாற்றுக் கட்டணமும், அதற்கு வரியும். நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய் போகும். ஒன்றரை ரூபாய்ப் புள்ளி வரும்.

தரையில் ஆன செலவு இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தந்தையாரின் சேமிப்பும் என் சேமிப்புமாகக் கொடுத்தோம். மொத்தச் செலவில் மைல்கள் தாங்கியது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அவ்வளவுதான் மந்திரம். எனினும் அந்தப் பங்கு இல்லையேல் நாங்கள் புறப்பட்டிருக்க மாட்டோம்.

புறப்படுமுன் அக்காவிடம், "உன் மைலில் நான் போவதா? அப்பாவுடன் நீயே போ" என்றேன். "மறுபடியும் விமானமா? வேண்டாம் தம்பி. அந்த ஒரு வாரம் நான் வீட்டில் தூங்குகிறேன்" என்றார். அம்மாவோ, யானையைக் கோயிலிலேயே பார்த்தாயிற்று என்று மறுத்துவிட்டார். அந்த 84,000 மைலும் அக்கா தம் குழந்தையை விட்டுப் பிரிந்திருந்த இரவுகள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாரா ஆற்றங்கரையில், நிறுத்தலாம் என்று ஓட்டுநர் காட்டிய இடத்தில் இறங்கினோம். மான் கூட்டம் இல்லை. நீர்யானைகள் சில கிடந்தன. தந்தையார் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். நெடுநேரம் ஆற்றையே பார்த்தார். "இந்த ஆற்றை நான் இத்தனை காலமும் நேராக வரைந்துவிட்டேன். எவ்வளவு வளைவு, பார்!" என்றார்.

நண்பர்களே, கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோர் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு வாருங்கள். சேர்ந்து போடுவோம். ஆனால் முதல் வரியில் எழுத வேண்டியது உங்கள் புள்ளியை அன்று, உங்கள் நிலுவையை.