சந்திராஷ்டமம்: வேலையை விட வேண்டுமா?

காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்ததும் பலருடைய கண் முதலில் தேடுவது, அன்று எந்த நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்பதைத்தான். தம் நட்சத்திரம் இருந்துவிட்டால் மனம் கலங்கிவிடும்.

சந்திரன் ஒரு ராசியில் சுமார் 2¼ நாள் இருப்பான். ஜன்ம ராசிக்கு எட்டாம் ராசியில் அவன் நிற்கும் காலமே சந்திராஷ்டமம். மேஷ ராசிக்காரர்களுக்கு விருச்சிகம் எட்டாவது. அசுவினியில் பிறந்தவர்கள் 17-வது நட்சத்திரமான அனுஷத்தன்று கூடுதல் கவனமாய் இருப்பார்கள்.

சந்திரன் மனத்துக்குரிய கிரகம் என்பது சோதிட நம்பிக்கை. ஆகவே அந்நாட்களில் திருமணம், புதுத் தொழில், நெடும்பயணம் ஆகியவற்றைத் தள்ளிவைப்பது வழக்கம். அன்றாட வேலைக்கு இந்த விலக்கு இல்லை.

27 நாளுக்கு ஒரு முறை இது எல்லோருக்கும் வரும். கோலார் தங்கவயலில் அதற்காக ஷிப்டை விட்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நாள் கூலி போயிருக்கும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுடையது. அங்கே பாறை வெடித்தது பூமியின் அழுத்தத்தால். அது ராசி பார்க்கவில்லை. ஒரே கூண்டில் எல்லா ராசிக்காரர்களும் இறங்கினார்கள். தாங்குமரமும் எச்சரிக்கையுமே அவர்களுக்குத் துணை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். சந்திராஷ்டமத்தன்று கோபத்தை அடக்கலாம். கையெழுத்திடும் முன் இன்னொரு முறை படிக்கலாம். கூலியை இழக்க வேண்டியதில்லை.