காசு கடல் கடப்பதில்லை

நல்லூர்த் திருவிழா தொடங்கினால் யாழ்ப்பாண நகரத்து ஏரிஎம்களின் முன்னால் வெளிநாட்டு அட்டைகள் கூடிவிடும். ரொறன்ரோவில் இருந்து வந்தவரின் கணக்கில் கனடா டொலர். சூரிச்காரரிடம் சுவிஸ் பிராங். இலண்டனில் இருந்து வந்த பெறாமகளிடம் பவுண். மூன்று பேருக்கும் அதே மெசின் இலங்கை ரூபாயை எண்ணிக் கொடுக்கிறது. சில விநாடிகள்தான் பிடிக்கும். அந்த விநாடிகளுக்குள் நடப்பதை அறிந்துகொண்டால் வியப்பும் வரும், கொஞ்சக் காசும் மிஞ்சும்.

முதலில் அட்டையின் இலக்கம். அது 4இல் தொடங்கினால் விசா. தொடக்கத்தில் உள்ள ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அட்டையைத் தந்த வங்கி எதுவென்று சொல்கின்றன. கடைசி இலக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் சாட்சி. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. கடைசி இலக்கத்துக்கு முந்தியதில் தொடங்கி, இடப்புறமாக ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் அதிலிருந்து 9ஐக் கழிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால், மொத்தம் 10ஆல் மீதியின்றிப் பிரிபடும். எந்த ஓர் இலக்கம் பிழைத்தாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அட்டையை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்; கடதாசியும் பென்சிலும் போதும்.

அடுத்தது சிப். அதற்கும் உங்கள் வங்கிக்கும் மட்டுமே பொதுவான இரகசியச் சாவி ஒன்று உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சாவியைக் கொண்டு புதிதாக ஒரு கையெழுத்தைக் கணித்துத் தரும். நேற்றைய கையெழுத்தைத் திருடியவனால் இன்று காசு எடுக்க முடியாது. நீங்கள் அழுத்தும் இரகசிய இலக்கமும் மெசினின் விசைப்பலகைக்கு உள்ளேயே மறைகுறியாகிவிடும். இவற்றோடு தொகையும் நாணயமும் சேர்ந்து ஒரே செய்தியாக, ரொறன்ரோக்காரரின் அட்டையானால், கனடா வரை போகிறது. செய்தியில் நாணயங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: இலங்கை ரூபாய் 144, கனடா டொலர் 124, பவுண் 826, சுவிஸ் பிராங் 756. அங்குள்ள வங்கி மிச்சத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னதும் இங்கே தாள்கள் வெளியே வருகின்றன.

அந்தத் தாள்கள் முன்பே மெசினுக்குள் வைத்தவை. கனடாவில் இருந்து ஒரு சதமும் வரவில்லை. யாழ்ப்பாணத்து வங்கி தன் காசைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதை எழுதிக்கொள்கிறது. பிறகு விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்புகள் எத்தனையோ வங்கிகளின் கொடுக்கல் வாங்கல்களை ஒன்றுக்கொன்று கழித்து, மிஞ்சும் வித்தியாசத்தை மட்டும் கைமாற்றுகின்றன.

இதே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் காசு தானே பயணம் செய்து வந்த காலமும் உண்டு. இங்குள்ள கந்தரோடையில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1917 முதல் 1919 வரை ஆய்வு செய்தபோது உரோமக் காசுகள் கிடைத்தன. உரோமக் காசு கந்தரோடைக்கு வர வேண்டுமானால் யாரோ ஒருவர் அதைக் கப்பலேற்ற வேண்டியிருந்தது.

காசு அசையாமலே கைமாறுவது உண்டியலை அறிந்த நம்மவர்களுக்குப் புதிதல்ல. ரொறன்ரோவில் ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால், அவருடைய ஆள் சாவகச்சேரியில் அம்மாவின் கையில் ரூபாயைக் கொடுப்பார். கணக்கு பிறகு தீரும். பொறிமுறை ஒன்றேதான், ஆனால் அனுமதியில்லாமல் செய்வது சட்டப்படி குற்றம். வேறொரு வித்தியாசம் 2022இல் நாடு முழுவதற்கும் தெரிந்தது. அதற்கு முந்திய மாதங்களில் மத்திய வங்கி அமெரிக்க டொலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைத்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் முறையான வழியில் அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். உண்டியலில் ரூபாய் வீட்டுக்கு வந்தது, டொலர் நாட்டுக்கு வரவில்லை. 2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. நாட்டில் டொலர் தட்டுப்பட்டபோது மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றவர்களை நினைத்தால், இந்தக் கணக்கை வெறும் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

காசு மிஞ்சும் இடத்துக்கு வருவோம். ரூபாயை டொலராக்கும் வீதத்தை வழக்கமாக அட்டை வலையமைப்பு தீர்மானிக்கும். அது பெரும்பாலும் சந்தை விலைக்குக் கிட்டவே இருக்கும். அதன்மேல் கனடா வங்கிகள் பல 2.5 வீதம் கூட்டுகின்றன. மெசினை வைத்திருக்கும் வங்கியும் கட்டணம் எடுக்கலாம். இவை போதாதென்று சில மெசின்கள் திரையில் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் சொந்த நாணயத்திலேயே கழிக்கவா? பரிவாகக் கேட்பது போலத்தான் இருக்கும். சம்மதித்தால், மாற்று வீதத்தைத் தீர்மானிக்கும் உரிமையை மெசின் பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த மாற்று வீதத்தால் நூற்றுக்கு 5 கூடுதலாகக் கழிந்தால், 50,000 ரூபாய் எடுக்கும்போது 2,500 ரூபாய் போய்விடும். மறுத்தாலும் காசு வரும்; ரூபாய்க் கணக்கில் வரும், அவ்வளவுதான். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரலாம்.

இந்தியாவில் இருந்து வருவோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்ரோபரில் கப்பல் ஓடத் தொடங்கியது. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியர்கள் தங்கள் கைபேசியில் உள்ள யுபிஐ பணச் செயலியால் இங்குள்ள லங்காகியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்து பணம் கட்டவும் முடிகிறது. அங்கே இந்திய ரூபாய் கழியும், இங்கே கடைக்காரருக்கு இலங்கை ரூபாய் சேரும். ஆனாலும் சந்தைக்கும் ஓட்டோவுக்கும் கையில் தாள்காசு வேண்டும்.

இந்த வருடம் வெளிநாட்டில் இருந்து வரும் உறவுகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: இரண்டு வேறு வலையமைப்பு அட்டைகளோடு வாருங்கள், அடிக்கடி சிறுதொகை எடுக்காதீர்கள், திரை எந்த நாணயம் என்று கேட்டால் இலங்கை ரூபாயைத் தெரிவுசெய்யுங்கள்.