குளிரூட்டிய அறைவரை யார் அழைத்துச் செல்வது?

சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆக அதிக வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவிலும் அது பதிவானது.

அந்த மே மாதம் சில பள்ளிகள் மாணவர்களை உடற்பயிற்சி உடையில் வர அனுமதித்தன. நமக்கு அப்படி உதவ ஒரு பள்ளி உண்டு. வீட்டில் தனியாக இருக்கும் மூத்தோருக்கு?

நான் வசிக்கும் புக்கிட் பாஞ்சாங் புளோக்கில் தனியாக வாழும் மூத்தோர் சிலர் உள்ளனர். எங்கள் தளத்துப் பாட்டி ஒருவர் நண்பகலிலும் மின்விசிறியை மட்டுமே நம்பியிருக்கிறார். “இந்த வெயிலெல்லாம் பழகிப்போச்சு கண்ணு,” என்பார்.

உடல் அப்படிப் பழகிவிடுவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது எளிதில் ஆவியாவதில்லை. வயது கூடக்கூட வியர்ப்பதும் தாக உணர்வும் குறைகின்றன. இதய நோய், நீரிழிவு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

தொடர்ந்து 3 நாள்களுக்கு அன்றாட உச்ச வெப்பநிலை 35 டிகிரிக்கும், அந்நாள்களின் சராசரி 29 டிகிரிக்கும் குறையாமல் இருந்தால் அது இங்கு வெப்ப அலை. அப்போது சமூக மன்றங்கள் போன்ற குளிரூட்டிய இடங்களில் மக்கள் தங்கி இளைப்பாறத் திட்டம் உண்டு. பெண்டிங் ரோட்டிலுள்ள புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றம் எனக்கு நடக்கும் தூரம்தான். முழங்கால் வலியோடு வெயிலில் நடப்பவருக்கு அது நெடுந்தொலைவு.

இதை அமெரிக்காவின் சிகாகோ நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1995 ஜூலை வெப்ப அலையில் அங்கு 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். குளிரூட்டிய நிலையங்கள் இருந்தும் அவர்கள் அங்குப் போய்ச் சேரவில்லை.

1999இல் மீண்டும் வெப்ப அலை தாக்கியபோது, நகர நிர்வாகம் கூடுதல் நிலையங்களைத் திறந்து இலவசப் பேருந்துகளை விட்டது. ஊழியர்களும் காவலர்களும் தனியாக வாழும் முதியோரின் வீட்டுக் கதவைத் தட்டினர். இறந்தோர் எண்ணிக்கை ஏறக்குறைய 110ஆகக் குறைந்தது.

அந்தக் கதவைத் தட்டும் வேலையை இளையர்களாகிய நாமும் செய்யலாம். ‘மைஇஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த நிலை ‘அதிகம்’ என்று காட்டும் நாளில், பள்ளி முடிந்ததும் பக்கத்து வீட்டு மூத்தோரைப் பார்த்து, “தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேளுங்கள். முடிந்தால் மன்றத்துக்குக் குடைபிடித்து உடன் செல்லுங்கள்.

உடல் கொதித்து, பேச்சு குழம்பினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணியால் உடலைக் குளிர்வியுங்கள்.