இருட்டினால் அணையும் கேமரா

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகள், திருவள்ளூர் கிடங்குகள் போன்ற இடங்களில் கண்காணிப்பு கேமராவுக்குத் தனி மின்வயர் இழுப்பது பெரும்பாடு. பிஓஇ சுவிட்ச், தகவல் போகும் ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பிவிடுகிறது. முதலில் சிறு மின்னழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை தெரிந்தால்தான் முழு மின்சாரம் விடும். 2003ஆம் ஆண்டுத் தரப்படி ஒரு போர்ட் தருவது 15.4 வாட், 100 மீட்டர் கடந்து கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2018இல் போர்ட்டின் உச்ச அளவு 90 வாட்டானது.

பகலெல்லாம் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து வரும் கேமராவைப் பழுதென்று கழற்றிவிடுவது வீண்செலவு. அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் வாட் தேவை கூடுகிறது. எல்லா கேமராக்களும் ஒருசேரக் கேட்டால் சுவிட்சின் மொத்தத் திறன் போதாமல், முன்னுரிமை குறைந்த போர்ட் துண்டிக்கப்படும். ஆகவே போர்ட் வாரியான வாட் கணக்கை இரவில்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தால், அதே போர்ட்டில் குட்டை கேபிளைப் போட்டு, கேமராவின் ஒளி உணரியைக் கையால் மூடிப் பார்க்கலாம். அணையாமல் நின்றால் கோளாறு நெடுங்கேபிளில். கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். ஈரக்காற்றில் பச்சை பூத்த ஆர்ஜே45 முனையை நறுக்கிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும்.